கோட்டுக்கு ஒரு சாண் மேலே

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நேற்று போனில் இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் கத்துகிறேன் என்று நீங்கள் சொல்ல, லைன் சரியில்லை என்று நான் சொல்ல, கடைசியில் யார் முதலில் வைத்தோம் என்றே தெரியவில்லை. ஆகவே கடிதம். இதில் யாரும் கத்த முடியாது.

என் பையனுக்குப் பெண் கொடுத்த வீடு, மரியாதையாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்றுதான் வந்தேன். இடிக்கப் போகும் உங்கள் பழைய கிளினிக்கைக் காட்டுகிறேன் என்று நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். பின்வாசலில் அந்தக் காகிதப்பூ மரத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அடிமரம் என் தொடை கனம். அதை இடிபாட்டோடு லாரியில் ஏற்ற விடுவது பாவம் இல்லையா? ஒரு பல் டாக்டர் கடப்பாரை பிடித்து வேர் தோண்டியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முள் கிழித்த இடம் ஆறிவிட்டதா?

வேரைக் கழித்தாயிற்று. கிளைகளைக் கழித்தாயிற்று. சிமெண்ட் கலக்கும் தொட்டியில் ஓட்டை போட்டு, ஜல்லியும் மணலும் கொட்டி நட்டும் ஆயிற்று. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். ரம்பத்தை எடுத்து அந்தக் கோட்டில் வெட்டிவிடுங்கள். கை நடுங்கவேண்டாம். கோட்டுக்கு மேலே நிற்பது வெறும் கம்பம். மரத்தின் வயது முழுக்கக் கீழேதான் இருக்கிறது. வெட்டின இடத்துக்குக் கீழே துளிர் வரும். அதில் ஒன்றை வளரவிட்டு நறுக்கி, அதிலிருந்து இன்னொன்றை வளரவிட்டு நறுக்கினால், அடி பருத்து நுனி சிறுத்து ஒரு பெரிய மரம் சின்னத் தட்டில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். போன்சாய் என்பது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பொறுமை.

வெட்டினபின் நிழலில் வையுங்கள். மேலே உள்ளே தெரிகிற மாதிரிப் பெரிய பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்கள். தண்ணீரை அள்ளி ஊற்றவேண்டாம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு "இது பிழைக்காது" என்றீர்களே, பார்க்கத்தானே போகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 19

சம்பந்தி அவர்களுக்கு,

முள் கிழித்தது ஆறிவிட்டது. விசாரித்ததற்கு நன்றி.

மரத்தை வெட்டிவிட்டேன். கோட்டில் அல்ல. கோட்டுக்கு ஒரு சாண் மேலே. கோபப்படுவீர்கள் என்று தெரியும். நான் முப்பது வருடமாகப் பல் ராவுகிறவள். ராவியதை யாரும் திருப்பி ஒட்ட முடியாது. முதலில் கொஞ்சம் விட்டுத்தான் ராவுவேன், பிறகு வேண்டுமானால் இன்னும் எடுப்பேன். உங்கள் கோடு எங்கும் ஓடிப்போகாது.

இப்போது அது மரமாக இல்லை. புழக்கடையில் ஒரு மொட்டைக் கட்டை நிற்கிறது. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார். நான் சத்தம் போட்டபிறகு எடுத்தார். அவருக்கு எதற்கும் ஒரு பெயர் வைக்கும் வழக்கம் உண்டு, "மொட்டை எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். லைனுக்கு ஒன்றுமில்லை. உங்கள் காதுக்குத்தான் ஏதோ இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ரயில் என்ஜினில் நின்றவருக்குக் காது மந்தமாகாமல் இருந்தால்தான் அதிசயம். நீங்கள் இங்கே இருந்தபோது நான் உங்கள் முதுகுப் பக்கமாக நின்று மூன்று முறை காபி வேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு காது டாக்டரைப் பாருங்கள்.

பார்க்கமாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால் ஒரு பந்தயம். மரம் துளிர்க்கும் என்று அடித்துச் சொல்கிறீர்கள் அல்லவா? துளிர்த்தால் நீங்கள் காது டாக்டரிடம் போகவேண்டும். துளிர்க்காவிட்டால் இந்த ஜென்மத்தில் உங்கள் காதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். காதுதான் நன்றாக இருக்கிறதே, உங்களுக்கு என்ன நஷ்டம்?

இப்படிக்கு,
பல் டாக்டர்

பிப்ரவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு சாண் மேலே வெட்டினேன் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். நான் குத்துமதிப்பாகவா கோடு போட்டேன்? மண்ணில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாலு பக்கமும் சுற்றிவந்து போட்ட கோடு அது. உங்கள் வீட்டுக்காரர் துண்டு காயப்போட்டதில் தப்பே இல்லை. ஒரு சாண் கூடினால் அது துண்டு போடும் கம்பம்தான்.

காது விஷயம். எனக்கு நன்றாகக் கேட்கிறது. இப்போதெல்லாம் ஜனங்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை, முணுமுணுக்கிறார்கள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட அப்படித்தான். காபி விஷயத்தில் நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக் காபி கொஞ்சம் தண்ணி.

பந்தயத்துக்கு வருகிறேன். மரம் துளிர்க்காது என்று என் வாயால் சொல்ல வராது. துளிர்க்கும் என்றால் டாக்டரிடம் போகவேண்டும். நன்றாகத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். என் வீட்டம்மா உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சரி. ஒப்புக்கொள்கிறேன். பின்வாங்கினால் என்ஜின் டிரைவருக்கு அழகில்லை.

நீங்கள் டாக்டர், நியாயமானவர் என்ற நம்பிக்கையில் மரத்தை உங்கள் கையில் விட்டிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி

மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

காபி தண்ணி என்று எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அன்று போட்டது அவர்தான். இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

மொட்டையில் ஒன்றும் இல்லை. நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் பக்கத்தில் குறை வைக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்: நிழலில்தான் இருக்கிறது. கவர் போட்டிருக்கிறேன். தண்ணீர் அளவோடு. தினமும் காலையில் புதுக் கிளினிக்குக்குக் கிளம்பும் முன்பு கவரை விலக்கி, இரண்டு கையாலும் பிடித்து லேசாக அசைத்துப் பார்க்கிறேன். ஆடுகிற பல்லை அப்படித்தான் சோதிப்போம், ஆட்டம் குறைந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இது முதல் நாள் எப்படி ஆடியதோ அப்படியே ஆடுகிறது. வேர் பிடிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

என் மகள் லீவு கிடைத்ததும் இங்கே வருகிறாளாம். உங்கள் பையனுக்கு லீவு இல்லை.

பல் டாக்டர்

மார்ச் 21

சம்பந்தியம்மா,

அசைக்காதீர்கள்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் கையை எடுங்கள். வெட்டின வேரிலிருந்து நூல் மாதிரிப் புதுவேர் வரும். நீங்கள் தினமும் காலையில் வந்து அத்தனையையும் அறுத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போயிருக்கிறீர்கள். அறுந்தால் ஆடத்தான் செய்யும். ஆடுவதைப் பார்த்து நாளைக்கும் ஆட்டுவீர்கள். பல்லுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியவேண்டாமா? பல் வேர் விடுமா?

ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பி வைத்துக் கட்டுவீர்கள் என்று என் மருமகள் ஒருமுறை சொன்னதாக ஞாபகம். அதைச் செய்யுங்கள். தொட்டியின் இரண்டு பக்கத்திலும் ஓட்டை போட்டுக் கம்பியால் மரத்தை இழுத்துக் கட்டுங்கள். பட்டையில் கம்பி பதியாமல் நடுவே ரப்பர் துண்டு வையுங்கள்.

இதை எழுதும்போது வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். சும்மா இருந்தால் பந்தயத்தில் ஜெயித்திருப்பீர்களே, உங்கள் காதை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்களே என்றாள். என்ன செய்வது? பந்தயம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதற்குமேல் அது பட்டுப்போனால் அதன் தலையெழுத்து. நான் அழமாட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பேன்.

சம்பந்தி

ஏப்ரல் 3

சம்பந்தி அவர்களுக்கு,

கம்பி கட்டியாயிற்று. என் வாழ்க்கையிலேயே இத்தனை நேர்த்தியாக எந்த நோயாளிக்கும் கட்டியதில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை பேப்பரைக் கிழித்துப் போட்டேன். எழுதிவிடுகிறேன்.

மகள் வந்திருந்தாள். முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் கிளினிக்கில் கடைசி நோயாளி போனபிறகு என் நாற்காலியில், நோயாளி உட்காரும் நாற்காலியில், ஏறிப் படுத்துக்கொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது மனசில் ஏதாவது இருந்தால் அப்படித்தான் செய்வாள். விளக்கைப் போடவேண்டாம் என்றாள். பிறகு கேட்டாள்: "மாமாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?"

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். அவள் போன் செய்தால் நீங்கள் "சரி சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு உடனே அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்களாம். ஆபீஸில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்ததை முதலில் உங்களிடம்தான் சொல்லவேண்டும் என்று ஆசையாகக் கூப்பிட்டாளாம். அதற்கும் "சரி சரி." ஒரு வார்த்தை பாராட்டவில்லையாம். ஒரு தடவை, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குத் தண்ணீர் வரவில்லை என்று எரிச்சலாகச் சொன்னீர்களாம். இனிமேல் நேராக அத்தைக்கே போன் செய்துவிடுகிறேன், அவருக்கு எதற்குத் தொந்தரவு என்றாள்.

அவருக்குக் காது கேட்கவில்லையடி என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நீங்களே ஒப்புக்கொள்ளாத ஒன்றை நான் எப்படி என் மகளிடம் சொல்வேன்? கடிதத்திலும் கடைசியாக இந்த ஒரு தடவைதான். ஏனென்றால் பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மொட்டையின் மேல்பக்கம் பட்டை சுருங்கிவிட்டது. அழுத்தினால் உள்ளே போகிறது. வெட்டின அன்றே நான் செய்து வைத்த வெள்ளை மூடி மட்டும் கல் மாதிரி இருக்கிறது. பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரைக் குழைத்து வெட்டுக்காயத்தை முழுவதும் மூடியிருந்தேன், பல்லுக்குக் கிரீடம் வைக்கிற மாதிரி. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது. பயனில்லை.

வாக்குக் கொடுத்தபடி இனி உங்கள் காதைப் பற்றிப் பேசமாட்டேன்.

பல் டாக்டர்

ஏப்ரல் 9

அம்மா,

உங்கள் கடிதத்தை முதலில் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் படித்தேன். பிறகு அவளிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள் குரல் மெல்லிசு. நேரில் பேசினால் உதடு பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உதடு ஏது? காற்று அடிக்கிற மாதிரி ஏதோ வரும். நடுவில் "மாமா" என்பது மட்டும் தெரியும். என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் ஏதாவது உளறிவைப்பேன். மறுபக்கம் பேச்சு நின்றுபோகும். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அப்போது தெரியும், என்ன தப்பு என்று தெரியாது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் "சரி சரி" என்று சொல்லிப் போனைக் கைமாற்றிவிட்டேன். நான் பெறாத பெண் அது. அதற்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியை என் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்கள் மகளுக்கு எப்படித் தெரியும்?

பிடிக்கவில்லையாம். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன் அம்மா.

அப்படியென்றால் உடனே டாக்டரிடம் போகவேண்டியதுதானே என்பீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பந்தயத்தில் தோற்றேன், அதனால் போகிறேன் என்றால் என் கால் நடக்கும். காது கேட்கவில்லை, அதனால் போகிறேன் என்றால் வாசற்படி தாண்டாது. ஜம்பம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை வருடம் வளர்த்ததை ஒரே நாளில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஆகையால் அந்த மரம் துளிர்த்தே ஆகவேண்டும். நான் தோற்றே ஆகவேண்டும். தயவுசெய்து கேளுங்கள். முதலில் அந்தக் கிரீடத்தை உடைத்து எறியுங்கள். காகிதப்பூவின் கட்டை பஞ்சு மாதிரி, ஈரத்தைக் குடிக்கும். மேலே பிளாஸ்டரைப் போட்டு அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே அழுகும். பிறகு அடிப்பக்கத்தில் பட்டையை நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தெரிகிற இடம்வரை அழுகலை முழுக்க எடுத்துவிடுங்கள். கெட்டதைக் கொஞ்சமும் விடாமல் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டாம். நல்ல கட்டை தெரிந்ததும் ஒருநாள் காயவிட்டு, தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவுங்கள்.

நானே ஓடிவந்துவிடுவேன். வெயில் ஏறிவிட்டது, என் போன்சாய்த் தொட்டிகளுக்கு இரண்டு வேளை தண்ணீர் காட்டவேண்டும். ஒருநாள் தவறினால் எல்லாம் கருகிவிடும். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்

ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

நீங்களே சொல்லிவிட்டதால் அப்படியே கூப்பிடுகிறேன்.

உடைத்தேன். உள்ளே பழுப்பு. வாடை சொல்லி முடியாது. எத்தனையோ சொத்தைப் பல் பார்த்தவள் நான், மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான் அழகு பார்த்து வைத்த கிரீடம்தான் மரத்தைக் கொன்றுகொண்டிருந்தது. இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கிலிருந்து பழைய டிரில்லையும் அதில் மாட்டும் முனைகளையும் எடுத்துவந்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். புழக்கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முகமூடி கட்டிக்கொண்டு, மொட்டைக்கு ரூட் கேனால் செய்தேன். அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. அழுகல் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானும் இறங்கினேன். எங்கே நின்றது தெரியுமா? உங்கள் சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று நல்ல கட்டை. அடியில் கீறினேன். பச்சை.

இப்போது கவனமாகப் படியுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு அன்றே கோட்டில் வெட்டியிருந்தால் இந்த அழுகல் இதே ஒரு சாண் இறங்கி வேருக்கே போயிருக்கும். நான் அதிகம் விட்ட ஒரு சாண்தான் அடிமரத்துக்குப் பதிலாகச் செத்தது. நீங்கள் உடனே பிளாஸ்டரை யார் வைத்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு சாணுக்கு நன்றி சொல்லுங்கள்.

பிறகு ரம்பத்தை எடுத்து உங்கள் கோட்டிலேயே வெட்டிவிட்டேன். கடைசியில் நீங்கள் நினைத்த உயரம்தான். இரண்டு பேரும் பேசாமல் வாயை மூடிக்கொள்வது நல்லது என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

ஒரு சாணுக்கு நன்றி.

துளிர்த்ததா?

அண்ணன்

மே 2

அண்ணனுக்கு,

இல்லை. மரம் இப்போது ஆடவில்லை என்று நினைக்கிறேன். அசைத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். காற்று அடிக்கும்போது தூரத்தில் நின்று பார்த்தேன்.

தங்கை

மே 15

அண்ணனுக்கு,

தோற்றுவிட்டீர்கள்.

நேற்றுக் காலை கவரை விலக்கியபோது முன்பக்கத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை. சலிப்போடு மூடப்போனேன். வீட்டுக்காரர்தான் பின்பக்கமாக நின்றுகொண்டு, "மொட்டைக்கு முடி முளைக்குது" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் திரும்பக்கூட இல்லை. பிறகு போய்ப் பார்த்தேன். அத்தனை வருடமும் சுவரை ஒட்டி நின்ற பக்கம், வெளிச்சமே படாத பக்கம், நாம் இரண்டு பேரும் முதுகு என்று ஒதுக்கின பக்கம். அங்கே பட்டையைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு மொட்டு. அரிசி அளவு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அதற்குக் கீழே இன்னும் இரண்டு. இன்று காலை எண்ணினபோது ஐந்து.

பிழைக்காது என்று பிளாட்பாரத்தில் நின்று சொன்னவள் நான். புழக்கடையில் தரையில் உட்கார்ந்து அழுதேன், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கிளினிக்குக்கு அன்று தாமதம்.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் வேலை. பந்தயம் ஞாபகம் இருக்கட்டும். எந்த டாக்டர், என்றைக்கு என்று எழுதுங்கள்.

தங்கை

ஜூன் 4

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே சட்டையை மாட்டிக்கொண்டேன். பந்தயத்தில் தோற்றுவிட்டேன், வேறு வழியில்லை என்று வீட்டம்மாவிடம் சலித்துக்கொண்டேன். அவள் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பரிசோதனை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கலாம் என்று பார்த்தால், அந்தப் பெண் கதவைத் திறந்து பாதி முடிந்துவிட்டது என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. முன்பு சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். லைனுக்கு ஒன்றுமில்லை. செய்தி வாசிக்கிறவர்களும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், காபி தண்ணியாக இல்லை. நீங்கள் கேட்டது என் காதில் விழவே இல்லை, சமாளிப்பதற்காக எழுதினேன்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின். பருப்பு அளவுதான் இருக்கிறது. வீடு இத்தனை சத்தமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. பேப்பரைத் திருப்பினால் தகரத்தை மடிக்கிற மாதிரி இருக்கிறது. ஃபேன் முனகுகிறது. வீட்டம்மா வேலை செய்யும்போது தனக்குத்தானே என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறாளாம், நான் அவளை அமைதியான பெண் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். சாயங்காலம் என் மரங்களுக்கு நடுவே போய் ஒரு கிளையை நறுக்கினேன். கத்தரிக்கோல் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. கையை எடுத்துவிட்டு அதையே பார்த்தேன். இத்தனை வருடம் நறுக்கியிருக்கிறேன், அதற்குச் சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. தேவையில்லாமல் இன்னும் நாலு கிளையை நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே மருமகளுக்குப் போன் செய்தேன். என் நம்பரைப் பார்த்துவிட்டு, "அத்தைக்கு உடம்பு சரியில்லையா மாமா?" என்று பதறிப்போனாள். முதல் முறையாக அவள் குரலை முழுதாகக் கேட்டேன். அத்தை நன்றாக இருக்கிறாள், நான் உன்னிடம் பேசத்தான் கூப்பிட்டேன் என்றேன். காது விஷயம், பந்தயம், மொட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். பதவி உயர்வுக்குச் சேர்த்துவைத்திருந்த பாராட்டையும் சொன்னேன். நான் உன்மேல் எப்போதும் கோபமாக இருந்ததில்லை அம்மா என்றும் சொல்லிவிட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள். எத்தனை பொறுமையான பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள்.

மரத்துக்கு வருவோம். துளிர்களில் கை வைக்காதீர்கள். ஐந்தும் கண்டபடி வளரட்டும். அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். வளர வளரத்தான் அடி பருக்கும். வெயில் இறங்கினதும் நான் வருகிறேன். எது நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். முதுகு என்று நாம் நினைத்ததை முகமாக மாற்றிக்கொள்ளவேண்டியதுதான். சண்டை வரும். ரம்பத்தை நான் கொண்டுவருகிறேன்.

அண்ணன்

ஜூன் 12

அண்ணனுக்கு,

மொட்டை இப்போது பரட்டைத்தலை. சொன்னபடி கை வைக்கவில்லை. காபி விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் மறுபடி தன் காபியைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்துவிட்டார், நிறுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசி முடித்ததும் மகள் எனக்குப் போன் செய்தாள். குழப்பமாகப் பேசினாள். மாமா தானாகவே கூப்பிட்டார், ரொம்ப நேரம் பேசினார், ஏதோ முக்கியமான விஷயம் என்று மட்டும் தெரிந்தது என்றாள். என்னவென்று கேட்டேன். "தெரியலைம்மா. மாமா ரகசியம் பேசற மாதிரி அவ்வளவு மெதுவா பேசறார். பாதிக்குமேல எனக்குக் கேக்கவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டா என்ன நினைப்பாரோன்னு 'சரி மாமா, சரி மாமா'ன்னே சொல்லிட்டேன்" என்றாள்.

புது மிஷின் வைத்தவர்களுக்குத் தங்கள் குரலே இடி மாதிரிக் கேட்குமாம், அதனால் தொண்டையை இறுக்கிக்கொள்வார்களாம். எங்கள் கட்டிடத்தில் இருக்கும் காது டாக்டர் சொன்னார். போகப் போகச் சரியாகிவிடுமாம். அதுவரை காத்திருக்கவேண்டாம். பாராட்டு, கோபமில்லை என்றது, ஒன்றுமே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவளிடம் நானும் எதையும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளை மறுபடி கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

கத்துங்கள் அண்ணா. பழையபடி நன்றாகக் கத்துங்கள்.

தங்கை